நாற்பது மாணவர்கள், மூன்று வழிகாட்டிகள், ஒரு வருடம்: எந்த வழியில் இறங்குவது?

விருதுநகர் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணினித் துறை ஆசிரியையாக இருக்கும் தோழி ஒருத்தி போன மாதம் கூப்பிட்டாள். அவளிடம் இருப்பவை இவ்வளவுதான்: கட்டற்ற மென்பொருள் (நிரலை எவரும் பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருள்) என்றால் என்ன என்று கேட்க ஆர்வமுள்ள 40 மாணவர்கள், சனிக்கிழமை பிற்பகலில் சும்மா கிடக்கும் ஆய்வகம், பழைய மாணவர்கள் சேர்த்துக் கொடுத்த 40,000 ரூபாய், சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துக்கொண்டு வாரத்துக்கு 2 மணி நேரம் ஒதுக்கத் தயாராக இருக்கும் முன்னாள் மாணவர்கள் 3 பேர்.

"அக்கா, எல்லாரையும் அக்டோபர்ல ஹாக்டோபர்ஃபெஸ்ட்ல இறக்கிவிடுங்க, போதும்னு ஒருத்தர் சொல்றார். இன்னொருத்தர் கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்கு நேரா தயார் பண்ணச் சொல்றார். எதுல போறது?"

முதலாவது, அக்டோபர் முழுக்க நடக்கும் நிரல் பங்களிப்பு விழா. இரண்டாவது, கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் வேலை செய்யக் கூகுள் உதவித்தொகை தரும் திட்டம். மாணவர்களைக் கட்டற்ற மென்பொருளுக்குள் கொண்டுவரும் வேலையில் பதினைந்து வருடமாக ஏதோ ஒரு மூலையில் இருக்கிறேன். அவளுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே கேள்வி இன்னும் பல ஊர்களில் இருக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். "இந்தியாவிலிருந்து ஏற்கெனவே நிறையப் பேர் போகிறார்களே, இங்கே என்ன குறை?" என்று கேட்பார்கள். உண்மைதான். சம்மர் ஆஃப் கோடில் வருடா வருடம் அதிகம் பேரை அனுப்பும் நாடு இந்தியாதான். ஆனால் நாட்டுக் கணக்கை விட்டு ஊர்க் கணக்கைப் பார்த்தால் படம் மாறிவிடும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, வீட்டில் முதல் பட்டதாரியாக பி.எஸ்.சி. கணினி அறிவியல் சேர்ந்து, வீட்டில் கணினி இல்லாமல் கைப்பேசியிலேயே நிரல் எழுதிப் பார்க்கும் பிள்ளை அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறாள்? நான் இங்கே பேசுவது அவளைப் பற்றி.

ஒரு மாதத் திருவிழா

இதை நீளமாகப் பேசத் தேவையில்லை. ஹாக்டோபர்ஃபெஸ்டை டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014இல் தொடங்கியது. நோக்கம் நல்லது. அக்டோபருக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புல் ரிக்வெஸ்ட் (என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு திட்டத்துக்கு அனுப்பும் கோரிக்கை) அனுப்பினால் டி-ஷர்ட். 2020இல் நான்கு அனுப்பி முடிக்கும் முதல் 70,000 பேருக்கு டி-ஷர்ட் என்றார்கள். "அருமையான திட்டம்" என்று ஒரு வரியை ஆவணத்தில் ஒட்டி அனுப்பிய ஆயிரக்கணக்கான புல் ரிக்வெஸ்டுகள் திட்டங்களை நடத்தும் பராமரிப்பாளர்களின் தலையில் வந்து விழுந்தன. மாதம் பிறந்த சில நாட்களிலேயே, சம்மதம் தெரிவித்த ரெப்போக்கள் (திட்டங்களின் நிரல் கிடங்குகள்) மட்டுமே கணக்கில் சேரும் என்று விதியை மாற்ற வேண்டிவந்தது. 2023இல் டி-ஷர்ட்டும் போய், டிஜிட்டல் பதக்கம் மட்டும் என்றானது.

எதை எண்ணுகிறோமோ அதைத்தான் பிள்ளைகள் செய்வார்கள். எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை வரும். அதைவிட என்னை வருத்துவது அடுத்து நடப்பதுதான். 19 வயதுப் பிள்ளை வாழ்க்கையில் முதல் தடவை வெளியுலகத்துக்கு ஒன்றை அனுப்புகிறாள். அதற்கு "செல்லாது" என்று முத்திரை குத்தி மூடிவிடுகிறார்கள். அவள் மறுபடி அந்தப் பக்கமே வருவதில்லை. 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்தின் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் தங்கள் பெயரைச் சேர்த்து எத்தனையோ மாணவர்கள் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினார்கள். பாடக் காணொளி ஒன்று அந்த ரெப்போவை உதாரணமாகக் காட்டியதுதான் காரணம். அந்தப் பிள்ளைகள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. பாடத்தில் சொன்னதைச் செய்தார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து "இதை அனுப்பாதே, இது நிஜமான ஆட்கள் வேலை செய்கிற இடம்" என்று சொல்ல அவர்களுக்கு ஆள் இல்லை.

ஆகவே தோழிக்கு என் பதில்: வேண்டாம். அக்டோபரில் ஒரு நாள், நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் என்ற கருவியில் பயிற்சி வையுங்கள். உங்கள் கல்லூரிக்கென்று ஒரு பயிற்சி ரெப்போ திறந்து அதற்குள்ளேயே பழகட்டும். வெளியே ஒன்றும் போகக் கூடாது.

உதவித்தொகைத் திட்டங்கள்

இங்கே இரண்டு பெரிய பெயர்கள் உண்டு. இரண்டும் நல்லவை. இரண்டும் வேறு வேறு ஆட்களுக்கானவை.

கூகுள் சம்மர் ஆஃப் கோடு 2005இல் வந்தது. 2022 முதல் மாணவர்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதி போய்விட்டது. 18 வயது நிரம்பியவர், கட்டற்ற மென்பொருளுக்குப் புதியவர் என்றால் போதும். பெரிய திட்டம் சுமார் 350 மணி நேர வேலை, நடுத்தரம் 175 மணி நேரம், 2024 முதல் 90 மணி நேரத்துச் சிறிய திட்டமும் உண்டு. தொகையை நாட்டின் விலைவாசியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். பெரிய திட்டத்துக்கு 3,000 முதல் 6,600 டாலர் வரை. இந்தியா கீழ்த்தட்டில் வருகிறது. நம் பிள்ளைக்கு அந்த 3,000 டாலரே இரண்டரை லட்சம் ரூபாய். இடைக்கால மதிப்பீட்டில் ஒரு பகுதி, கடைசி மதிப்பீட்டில் மீதி.

அவுட்ரீச்சியின் கதை வேறு. 2006இல் சம்மர் ஆஃப் கோடுக்காக க்னோம் என்ற கணினித் திரைச்சூழல் திட்டத்துக்கு வந்த 181 விண்ணப்பங்களில் ஒன்றுகூடப் பெண்ணுடையது இல்லை. அந்த அதிர்ச்சியில் க்னோம்காரர்கள் பெண்களுக்கென்று தனியாக ஒரு கோடைத் திட்டம் நடத்தினார்கள். அது வளர்ந்து 2015இல் அவுட்ரீச்சி என்ற பெயரில் விரிந்தது. இன்று அது பெண்களுக்கு மட்டுமானது இல்லை. தன் நாட்டின் மென்பொருள் துறையில் ஓரங்கட்டப்பட்ட எவரும் விண்ணப்பிக்கலாம். மூன்று மாதத்துக்கு 7,000 டாலர். எந்த நாட்டில் இருந்தாலும் அதே தொகை. ஐந்தரை லட்சத்துக்கு மேல் வரும். எங்கள் பக்கம் ஒரு வீட்டின் கடனையே அடைத்துவிடும் பணம் அது.

அப்படியானால் 40 பேரையும் இதற்கே தயார் செய்தால் என்ன?

முடியாது. காரணம், இந்த இரண்டும் ஏற்கெனவே நிரல் அனுப்பிப் பழகிய ஆளைத்தான் எடுக்கின்றன. அவுட்ரீச்சியில் விண்ணப்பக் காலத்திலேயே அந்தத் திட்டத்துக்குப் பங்களித்துக் காட்ட வேண்டும். சம்மர் ஆஃப் கோடில் அப்படி எழுதிய விதி இல்லையென்றாலும், பராமரிப்பாளர் யாரைத் தேர்ந்தெடுப்பார்? இரண்டு மூன்று மாதமாகத் தன் திட்டத்தில் நடமாடி, இரண்டு பிழைகளைத் திருத்திக் கொடுத்தவரைத்தான். திருமண வீட்டில் பந்தி பரிமாறத் தெரிந்தவர் யார் என்று முதல் நாளே வந்து வேலை செய்தவர்களைப் பார்த்துத்தானே முடிவெடுப்போம், அதுபோல. இந்த உதவித்தொகை மாடிப்படியின் ஐந்தாம் படியில் இருக்கிறது. தோழியின் மாணவர்கள் இன்னும் வாசலுக்கே வரவில்லை.

நாட்காட்டியும் நமக்குக் கொஞ்சம் எதிராக இருக்கிறது. சம்மர் ஆஃப் கோடு நிறுவனங்களின் பட்டியல் பிப்ரவரியில் வரும், திட்டவரைவு மார்ச் கடைசி ஏப்ரல் தொடக்கத்தில் போக வேண்டும். அது நம் செமஸ்டர் தேர்வு நெருங்கும் நேரம். பட்டியல் வந்த பிறகு தொடங்கினால் எதுவும் நடக்காது. முந்தைய நவம்பரிலேயே ஒரு திட்டத்தில் கால் பதித்திருக்க வேண்டும்.

அவுட்ரீச்சி பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் அதிகம் தவறவிடுவது அங்கேதான். முதல் விண்ணப்பத்தில் கட்டுரைக் கேள்விகள் வரும். கற்கும் வழியில் என்ன பாகுபாட்டைச் சந்தித்தாய் என்று நேராகக் கேட்பார்கள். நம் மாணவி என்ன எழுதுகிறாள்? "நான் கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்வேன்." அவ்வளவுதான். ஆய்வகத்தில் பையன்கள் விசைப்பலகையைப் பிடித்துக்கொள்ள இவள் பின்னால் நின்று பார்த்ததையும், ஆங்கிலத்தில் பேசச் சொல்லி வகுப்பில் சிரித்ததையும், ஊர்ப் பெயரைச் சொன்னதும் சாதியைக் கணக்குப் போட்டதையும் எழுதலாம் என்றே அவளுக்குத் தோன்றாது. அதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது என்று சொல்லித்தானே வளர்த்திருக்கிறோம். இதற்கு யாராவது எழுதிக் கொடுப்பது உதவி ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து, தமிழில் பேசவிட்டு, அவள் சொன்னதை அவளே ஆங்கிலத்தில் எழுதும் வரை பொறுமையாக இருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு இரண்டு முழு மாலைகள் பிடிக்கும். நான் செலவழித்த நேரங்களில் பயன் தந்தவை அவைதான்.

வாராந்திரக் குழு

தமிழ்நாட்டில் இதற்குப் பழைய மரபே இருக்கிறது. சென்னையில் லினக்ஸ் (விண்டோஸ் போன்ற, ஆனால் கட்டற்ற இயங்குதளம்) பயனர் குழு தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து இயங்குகிறது. இரண்டாம் சனிக்கிழமை ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடும் வழக்கம் பலருக்கு நினைவிருக்கும். காஞ்சிபுரத்தில் ஒரு குழு உண்டு. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களை மனதில் வைத்தே பயிற்சி நடத்திவருகிறது. 2012இல் தொடங்கிய கணியம் இதழ் லினக்ஸ், பைத்தான் நிரல்மொழி போன்றவற்றைத் தமிழிலேயே எழுதி இலவச மின்னூல்களாகக் கொடுத்திருக்கிறது. ஆகவே பாடப் பொருளுக்குப் பஞ்சமில்லை. விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. கணினியும் வந்தது, லினக்ஸும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள்தான் பல ஊர்களில் இல்லை.

இந்த வழியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. மெதுவானது. சான்றிதழ் கிடையாது, பணம் கிடையாது. ஆறாவது வாரம் பாதிப்பேர் வரமாட்டார்கள். வேலைவாய்ப்பு அதிகாரி "இதனால் எத்தனை பேருக்கு வேலை?" என்று கேட்பார், சொல்ல எண் இருக்காது. குழுவை நடத்தும் ஒருவர் ஊர் மாறினால் எல்லாமே நின்றுபோகும் ஆபத்தும் உண்டு.

இருந்தும் நான் இதன் பக்கம்தான் நிற்கிறேன். காரணம் முதல் ரிவ்யூ, அதாவது அனுப்பிய நிரலைப் பராமரிப்பாளர் படித்துச் சொல்லும் கருத்து.

நம் மாணவர் ஒரு திட்டத்தில் ஒரு இஷ்யூவை, அதாவது திருத்த வேண்டிய பிழை பற்றிய பதிவை, பார்த்ததும் முதலில் எழுதுவது என்ன? "ரெஸ்பெக்டட் சார், கைண்ட்லி அசைன் திஸ் இஷ்யூ டு மீ." எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். அனுமதி இல்லாமல் எதையும் தொடக் கூடாது என்று பள்ளியிலிருந்து பழகிய பிள்ளை. எதிர்முனையில் இருப்பவருக்கு அது அர்த்தமில்லாத சத்தம். "செய்து அனுப்பு, பார்க்கலாம்" என்பதுதான் பெரும்பாலான திட்டங்களின் வழக்கம். பதில் வராது. பிள்ளை தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார். இரண்டு பக்கமும் யாரும் தப்பு செய்யவில்லை, ஆனாலும் கதவு மூடிவிட்டது.

அப்புறம் "நிட்" என்று தொடங்கும் குறிப்புகள். சின்னத் திருத்தம், மனசுக்கு எடுத்துக்கொள்ளாதே என்று அதற்கு அர்த்தம். நான் பார்த்துக்கொண்ட ஒரு மாணவி, அப்படி ஏழு குறிப்புகள் ஒன்றாக வந்ததும் தன் புல் ரிக்வெஸ்டையே மூடிவிட்டாள். "ஏழு தப்பு பண்ணிட்டேன்க்கா, அவங்களுக்கு ரொம்பச் சிரமம் கொடுத்துட்டேன்" என்றாள். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அந்தப் பராமரிப்பாளர் அவளுக்காக முக்கால் மணி நேரம் செலவழித்து ஒவ்வொரு வரியாகப் படித்திருக்கிறார். அதைவிடப் பெரிய மரியாதை அந்த உலகத்தில் இல்லை. அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல அன்றைக்கு நான் பக்கத்தில் இல்லை. மறுவாரம் உட்கார்ந்து திறந்து, ஏழையும் அரை மணி நேரத்தில் திருத்தி அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த இடைவெளியைக் காணொளியால் நிரப்ப முடியாது, ஒரு மாத விழாவாலும் முடியாது. இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் போலி அறிக்கைகளால் பராமரிப்பாளர்கள் களைத்திருக்கிறார்கள். இணையத்தில் தரவு பரிமாறும் கர்ல் என்ற மென்பொருள் திட்டத்தை நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்க் இதை வெளிப்படையாகவே பல முறை சொல்லிவிட்டார். தெரியாத ஊரிலிருந்து, தெரியாத பெயரில் வரும் முதல் பேட்சை, அதாவது நிரல் திருத்தத்தை, சந்தேகத்தோடு பார்க்கும் காலம் இது. அதனால் வெளியே போவதற்கு முன்னால் உள்ளூரில் ஒருவர் அதைப் படித்திருப்பது முன்பைவிட இன்று அவசியம்.

நம் மொழித் திட்டத்தில் தொடங்குவது

இதைத் தனி வழியாகச் சொல்வதா, வாராந்திரக் குழுவின் பாடத்திட்டமாகச் சொல்வதா என்று யோசித்தேன். இரண்டாவதுதான் சரி.

பைத்தானில் "தமிழ்" என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். 5 என்று சொல்லும். மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் தெரியும், எழுத்து மூன்று. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறை த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. ஓப்பன்-தமிழ் என்ற நிரலகம் இதுபோன்ற வேலைகளுக்காகவே இருக்கிறது. இதை முதல் நாள் காட்டினால் வகுப்பில் நடப்பதைப் பார்க்க வேண்டும். இதுவரை கணினிக்கு எல்லாம் தெரியும், எனக்கு ஒன்றும் தெரியாது என்று உட்கார்ந்திருந்த பிள்ளை நிமிர்ந்து உட்காருவாள். இந்த விஷயத்தில் அவள்தான் நிபுணர். சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் எந்தப் பொறியாளருக்கும் இந்தப் பிழை கண்ணில் படாது.

விக்கிமூலம் என்ற இணைய நூலகத்துக்காக த. சீனிவாசன் எழுதிய, படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் எழுத்துணரி நிரலும் அப்படி வந்ததுதான். தமிழ்ப் புத்தகப் பக்கங்களைப் படமாக ஏற்றிவிட்டுக் கையால் தட்டச்சு செய்ய முடியாது என்ற தேவையிலிருந்து பிறந்தது. பிறகு மற்ற இந்திய மொழிக்காரர்களும் பயன்படுத்தினார்கள். கேரளத்தின் ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு தன் மொழிக்கான வேலைகளில் தொடங்கி, சம்மர் ஆஃப் கோடில் தானே வழிகாட்டும் நிறுவனமாக இடம்பெறும் அளவுக்கு வளர்ந்தது. நமக்கும் மீரா இனிமை என்ற தமிழ் எழுத்துருவைக் கொடுத்தது அவர்கள்தான்.

எச்சரிக்கை இரண்டு. மாணவிகளை மொழிபெயர்ப்பில் உட்காரவைத்து அங்கேயே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. மொழிபெயர்ப்பு நல்ல வேலை. ஆனால் நிரல் எழுத வந்தவளை ஒரு மாதத்துக்குள் நிரலுக்கு நகர்த்த வேண்டும். இன்னொன்று, ஒரே ஆள் நடத்தி, அவரும் இரண்டு வருடமாக எட்டிப்பார்க்காத திட்டத்தில் பிள்ளைகளை இறக்காதீர்கள். பேட்ச் ஆறு மாதம் அப்படியே கிடந்தால் அதைவிட மோசமான பாடம் இல்லை. போன ஒரு மாதத்துக்குள் யாருக்காவது பதில் எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

மொரட்டுவை

உள்ளூர்க் குழு, உதவித்தொகை என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்த வேண்டாம் என்பதற்கு இலங்கையைச் சொல்வேன். சம்மர் ஆஃப் கோடின் முதல் பத்தாண்டில் உலகத்திலேயே அதிக மாணவர்களை அனுப்பியது மொரட்டுவைப் பல்கலைக்கழகம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களையும் நம் ஐ.ஐ.டி.களையும் தாண்டி. அவ்வளவு சின்ன நாட்டிலிருந்து எப்படி?

அங்கே முதலில் வந்தது உதவித்தொகை இல்லை. சஞ்சீவ வீரவரண போன்றவர்கள் 2003இல் லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனைத் தொடங்கி, அங்குள்ள இளைஞர்களை அப்பாச்சி என்ற அமைப்பின் கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் நேரடியாக வேலை செய்யவைத்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தபோது காணாமல் போனவர்களையும் முகாம்களையும் உதவிப்பொருள்களையும் பதிவுசெய்ய உள்ளூர் நிரலாளர்கள் சில நாட்களில் உருவாக்கியதுதான் சஹானா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். பிறகு பல நாடுகளின் பேரிடர்களில் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலனுக்கான விருதும் கிடைத்தது. 2005இல் கூகுள் கதவைத் திறந்தபோது, பராமரிப்பாளரோடு எப்படிப் பேசுவது என்று தெரிந்த அண்ணன்மாரும் அக்காமாரும் அந்த ஊரிலேயே இருந்தார்கள். போய்வந்தவர்கள் அடுத்த வருடத்துப் பிள்ளைகளின் வரைவைப் படித்துத் திருத்தினார்கள். என் கணிப்பில் அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இருந்தது இதுதான்.

தோழிக்குச் சொன்ன கணக்கு

மூன்று வழிகாட்டிகள், ஆளுக்கு 2 மணி நேரம், வாரத்துக்கு 6 மணி நேரம். ஒரு பிள்ளையின் நிரலை ஒழுங்காகப் படித்துப் பதில் எழுத அரை மணி நேரம் வேண்டும். கேள்விகளுக்கும் நேரம் ஒதுக்கினால் 8 பேர், மிஞ்சிப்போனால் 10 பேர். 40 பேரைத் தாங்காது. அதனால் முதல் ஆறு வாரம் 40 பேருக்கும் திறந்திருக்கட்டும். லினக்ஸ், கிட், பிழையைப் படிக்கும் விதம். தேர்வு வைத்துப் பொறுக்க வேண்டாம். மதிப்பெண் பார்த்தால் ஆங்கிலம் தெரிந்தவர்கள்தான் மிஞ்சுவார்கள். ஆறு வாரத்துக்குப் பிறகும் வருகிறவர்கள் யாரோ அவர்கள்தான் குழு.

இரண்டாம் வருட மாணவர்களை அதிகம் சேர்க்கச் சொன்னேன். தோழிக்கு இதில் ஒப்புதல் இல்லை. கடைசி வருடப் பிள்ளைகளுக்குத்தான் வேலை அவசரம் என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கடைசி வருடத்தவர் கற்றுக்கொண்ட மே மாதமே போய்விடுவார். அடுத்த வருடம் யார் சொல்லித்தருவது? பாதிக்குப் பாதி என்று முடித்துக்கொண்டோம்.

40,000 ரூபாயில் டி-ஷர்ட், பதாகை, சான்றிதழ், சிறப்பு விருந்தினர் எதுவும் கிடையாது. பழைய மடிக்கணினிகளுக்கு வேகமான எஸ்.எஸ்.டி. சேமிப்பகம், தேவைப்படுகிறவர்களுக்குப் பேருந்துக் காசு, டேட்டா ரீசார்ஜ், டீ, வடை. மீதியில் சென்னையிலிருந்து வழிகாட்டிகள் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நேரில் வந்துபோக ரயில் கட்டணம்.

நவம்பர் முதல் ஜனவரி வரை தமிழ் நிரலகங்களில் முதல் பேட்சுகள். ஜனவரி கடைசியில் அவுட்ரீச்சி முதல் விண்ணப்பம், பொருந்துகிற இரண்டு மூன்று பேர் மட்டும். சம்மர் ஆஃப் கோடு முதல் வருடம் வேண்டாம், இரண்டாம் வருடம் பார்க்கலாம். விதிவிலக்கு ஒன்று உண்டு: படிப்பை முடித்துவிட்டு ஆறு மாதமாக வீட்டில் இருக்கும், சொந்தக் கணினி உள்ள பழைய மாணவி யாராவது இருந்தால், அவளுக்கு ஒரு வழிகாட்டியை முழுதாக ஒதுக்கி நேராக அவுட்ரீச்சிக்கே தயார் செய்யலாம். அவளுக்கு நேரம் இருக்கிறது, பணமும் உடனே தேவை.

அதேபோல், உள்ளூரில் நேரில் இருக்க ஒரு ஆள்கூட இல்லாத ஊருக்கு என் பதில் மாறும். அங்கே தனிக் குழு தொடங்குவதைவிட, பக்கத்து மாவட்டத்தில் ஏற்கெனவே நடக்கும் குழுவுக்கு ஐந்து பேரை அனுப்பிவைப்பதே மேல்.

தோழி ஆய்வகத்தைச் சனிக்கிழமை ஒன்றரை மணிக்குத் திறந்து நாலரைக்கு மூடுவதாக வைத்திருக்கிறாள். கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு ஐந்து மணிக்கு மேல் பேருந்து இல்லை. மூன்று வழிகாட்டிகளிடமும் ஒரே ஒரு உறுதிதான் கேட்டிருக்கிறாள்: சனிக்கிழமை அனுப்பும் பேட்சுக்குச் செவ்வாய் இரவுக்குள் தமிழில் பதில்.